எட்டு கேள்விக்குறியும் ஒரு கமாவும்

அந்த ஆபீசில் மௌரீனுக்கு 'மெயில் டாக்டர்' என்று இன்னொரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பொம்மனஹள்ளியில் ஊசி மருந்துகளைக் குளிர் அறையில் வைத்துக் காப்பாற்றி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனி அது. அங்கே வேலை செய்கிற நானூறு பேரின் மெயிலும் ஒழுங்காகப் போகிறதா வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பிரேசர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, பதினாலு வருஷமாக வந்துகொண்டிருக்கிறாள். வயது நாற்பத்தேழு. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

மெயிலில் கண்டபடி எழுத்து வருகிறது என்று யார் அலறினாலும் அந்தக் கேஸ் நேரே அவளிடம்தான் வரும். "மேடம், ஆஃபர் லெட்டர்ல பேய் பூந்துடுச்சு" என்று ஒருவர் வருவார். பார்த்தால், மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு வைத்த a, யூரோ குறி, இன்னும் ஏதோ ஒன்று என்று மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மௌரீன் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குவாள். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அனுப்புனவன் ஒரு கணக்குல எழுதிட்டான், வாங்குன பெட்டி வேற கணக்குல படிக்குது. உன் பொண்டாட்டி சொல்றது உனக்குப் புரியுதா? அது மாதிரிதான்" என்பாள். இரண்டு தட்டு தட்டினால் எழுத்து சரியாகிவிடும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்றே ஒன்று. "கட்டம் கட்டமா வந்தா பயப்படாத. எழுத்து உள்ள பத்திரமா இருக்கு, காட்டத்தான் தெரியல. கொம்பு வச்ச எழுத்து வந்தாலும் பயப்படாத, அதுக்கும் உயிர் இருக்கு. கேள்விக்குறி வந்தா மட்டும் காரியம் பண்ணிடு. எவனோ மாத்தும்போது தெரியாத எழுத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல கேள்விக்குறி நட்டுட்டான்னு அர்த்தம். இயேசு சாமி வந்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது."

இந்தப் பாடத்தை வாய் வலிக்கச் சொன்னவள்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது தெரியாமலே இந்த யானை மூன்று வருஷம் நடந்திருக்கிறது.

அக்டோபர் மாதக் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சீனு அவள் மேசைக்கு வந்து நின்றான். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். நாலு டிகிரிக் குளிர் அறைக்குள் சிரித்துக்கொண்டே போகிறவன், அன்றைக்கு முகம் வெளிறி நின்றான்.

"மேடம், உத்தமன் அண்ணன் இன்னும் போகல."

"என்ன உளர்ற?"

"காலைல டெம்பரேச்சர் மெயில் போகுதில்ல, அதுக்குக் கீழ என்னமோ எழுத்து வருது. ஒரு வாரமா வருது. டிரைவருங்க எல்லாம் போன்ல பாத்துட்டு, அண்ணன்தான் மந்திரம் எழுதுறாருன்னு சொல்றானுங்க. நான் உள்ள தனியா போகணும் மேடம்."

உத்தமன் குளிர் அறை சூப்பர்வைசராக இருந்தவர். ஜூன் பதினோராம் தேதி காலை வேலைக்கு வருகிற வழியில், ஓசூர் ரோடு பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருந்தவரைக்கும் தினமும் காலை ஒன்பது நாற்பதுக்கு, அறையின் வெப்பநிலையைக் குறித்து நாற்பது பேருக்கு மெயில் அனுப்புவார். அவர் போன பிறகு அதைத் தானாக அனுப்பும்படி செய்ததே மௌரீன்தான். அவர் கடைசியாக அனுப்பிய ஜூன் பத்தாம் தேதி மெயிலை அப்படியே எடுத்து அச்சாக வைத்துக்கொண்டாள். எண்கள் வரும் இடத்தை மட்டும் தெர்மாமீட்டர் பெட்டியோடு இணைத்தாள். அடியில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு 'குளிர் அறை' என்று போட்டாள். பெயரை அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. என்ன செய்வது, செத்தவர் பெயரில் ரிப்போர்ட் போகக்கூடாது இல்லையா.

"போய் வேலையைப் பாரு. பேயாம் பேய்" என்று சீனுவை விரட்டிவிட்டு மெயிலைத் திறந்தாள். போனில் பார்த்தால் 'குளிர் அறை' என்பதற்குக் கீழே அந்த வரி இருந்தது. à®šà¯ என்று ஆரம்பித்து, கொம்பு வைத்த a-வும் வட்டத்துக்குள் அடைபட்ட R-உம் மாறி மாறி ஒரு ஜாண் நீளத்துக்கு ஓடியது. கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

காரணம் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. போன வாரம்தான் கம்பெனி புது மெயில் ஏற்பாட்டுக்கு மாறியிருந்தது. போனில் சீக்கிரம் திறக்கட்டும் என்று அது நிறம், அலங்காரம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் அனுப்புகிறது. ஆக, வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில் யாரோ எதையோ எழுதி ஒளித்து வைத்திருக்கிறார்கள். உரித்ததும் அது வெளியே வந்துவிட்டது. அதுவும் தப்பான கணக்கில் படித்ததால் இப்படி வந்திருக்கிறது.

அவளுக்கு இதெல்லாம் அரை நிமிஷ வேலை. மெயிலின் மூலத்தைத் திறந்து, படிக்கிற கணக்கை மாற்றி, ஒரு பொத்தானைத் தட்டினாள். கொம்புகள் மறைந்தன. தமிழ் வந்து நின்றது.

'சுப்ரியா, அம்மாவுக்கு இன்னும் கோவம் போகல. நாளைக்குப் பேசிப் பாக்கறேன்.'

மௌரீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சுப்ரியா யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அடுகோடியில் உத்தமன் வீட்டுக்கு ஆபீஸ் மாலையை எடுத்துக்கொண்டு போன நாலு பேரில் அவளும் ஒருத்தி. ஒன்பது வயதுப் பிள்ளை, டெங்கு காய்ச்சல். மூன்றாம் நாள் உத்தமன் வேலைக்கு வந்துவிட்டார். ஒன்பது நாற்பதுக்கு மெயில் அனுப்பினார். கண் கலங்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'மனுஷனா மரமா' என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். ஏன் பொய் சொல்ல வேண்டும், மௌரீனும்தான் பேசினாள். சரியான கல்லுளிமங்கன் என்று சொன்னதே அவள்தான்.

அதற்கு அடுத்த மாதமோ என்னவோ, உத்தமன் அவளிடம் வந்து, "மேடம், தமிழ்ல டைப் பண்ண ஏதாச்சும் போட்டுக் குடுங்க" என்றார். எதுக்கு என்று கேட்டதற்கு, "ஒரு பேரு எழுதணும்" என்றார். போட்டுக் கொடுத்தாள். அன்றையிலிருந்து தினமும் மெயில் அனுப்பிய இரண்டாவது நிமிஷம் அவள் மேசை போன் அடிக்கும். "மேடம், மெயில் போய்ச் சேர்ந்துச்சா?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "போச்சு உத்தமன், போச்சு. தினமும் இது என்ன கேள்வி? வேற வேலை இல்லையா?" என்பாள். அவர் "சரிங்க மேடம்" என்று வைத்துவிடுவார். மறுநாள் திரும்பவும் அடிப்பார். பதினோரு வருஷம். ஒரு நாள்கூட அவள் ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது கேட்க வேண்டும் போல இருந்தது.

பழைய மெயில்கள் இருக்கும் கிடங்கைத் திறந்தாள். ஜூன் ஒன்பது, ஜூன் எட்டு, ஜூன் ஏழு ஞாயிறு, அவருக்கு லீவு, ஜூன் ஆறு என்று பின்னோக்கிப் போனாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையில் ஒரு வரி இருந்தது.

'சுப்ரியா, பக்கத்து வீட்டு வீணா காலேஜ் கடைசி வருஷம். உன் கிளாஸ்தானே அவ.'

'சுப்ரியா, இன்னைக்கு கத்திரிக்காய். உனக்குப் பிடிக்காது. நானும் ஒதுக்கி வச்சேன், அம்மா பாக்கல.'

'சுப்ரியா, இன்னைக்கு 4.2. ஸ்வெட்டர் போட்டுட்டுத்தான் போனேன்.'

'சுப்ரியா, நேத்து கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் உடனே வந்துடுச்சு. அன்னைக்கு மாதிரி இல்ல.'

மௌரீன் ஏப்ரல் வரைக்கும் போனாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுப் பெண் என்னாச்சு என்று கேட்டதற்கு ஏசி என்றாள். ஏப்ரல் ஒன்று. அதற்கு முந்தின நாள், மார்ச் முப்பத்தொன்றைத் திறந்தாள்.

????????, ???????????? ????????? ??????.

மார்ச் முப்பது. அதே கேள்விக்குறி. மார்ச் இருபத்தெட்டு, பிப்ரவரி, ஜனவரி, போன வருஷம், அதற்கு முந்தின வருஷம். திறக்கத் திறக்க அதே கேள்விக்குறிகள் வரிசை வரிசையாக வந்தன. எந்தப் பாவி இந்த வேலையைச் செய்தான் என்று வாய்விட்டே திட்டினாள். திட்டிய வாய் மூடுவதற்குள் அது யார் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மருந்து இன்ஸ்பெக்டருக்காகப் பழைய வெப்பநிலை மெயில்களை அச்செடுத்தபோது அங்கங்கே விசித்திர எழுத்து வந்தது. ஒவ்வொன்றாக யார் பார்ப்பது? மௌரீன் ஒரு சின்ன நிரல் எழுதினாள். கிடங்கில் இருக்கும் மெயில் எல்லாவற்றையும் அது வெறும் ஆங்கில எழுத்தாக மாற்றும். புரியாததை எடுத்துவிட்டுக் கேள்விக்குறி போடும். உள்ளே இருப்பது எல்லாம் ஆங்கிலமும் எண்களும்தானே, எதுவும் போய்விடாது என்று நினைத்தாள். வருஷா வருஷம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி தானாக ஓடும்படி வைத்தாள். அச்சு சுத்தமாக வந்தது. அந்த வருஷம் சிறந்த ஊழியர் என்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ப்ரெஷர் குக்கர் கொடுத்தார்கள். இன்றைக்கும் அவள் வீட்டில் அதில்தான் சாதம் வேகிறது.

பதினோரு வருஷம் ஒரு அப்பன் தன் பிள்ளையிடம் பேசியதை, மூவாயிரத்துச் சொச்சம் வரிகளை, அவளே துடைத்துவிட்டாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. மிச்சம் ஏப்ரல் முதல் ஜூன் பத்து வரை உள்ள அறுபது வரிதான். கேள்விக்குறி வந்தால் காரியம் பண்ணிடு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் தானே காரியம் பண்ணி முடித்திருந்தாள். எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் க்ளென் வந்தான். அவளுடைய டீம் லீடர், இருபத்தொன்பது வயது. அவனும் பிரேசர் டவுன்தான், ஒரே சர்ச். ஆபீசில் மௌரீன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியிருந்தான், அவசரம் வந்தால் மட்டும் வாய் தவறி ஆன்ட்டி ஆகிவிடும்.

"ஆன்ட்டி, அந்த டெம்பரேச்சர் மெயில் குப்பை என்னாச்சு? திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்த லைனை டெலீட் பண்ணி கம்ப்ளெயின்ட் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலைதானே?"

"ரெண்டு நிமிஷம்தான்" என்றாள் மௌரீன். "திங்கக்கிழமை காலைல முடிச்சிடறேன்."

"இப்பவே..."

"க்ளென், திங்கக்கிழமைன்னு சொன்னேன்."

அவன் போய்விட்டான். அந்தக் குரலை ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவில் அவன் கேட்டிருக்கிறான்.

அந்த வாரம் முழுவதும் ஒன்பது நாற்பதுக்கு அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது ஆகும். மெயில் போகும். செத்து நாலு மாசம் ஆன மனுஷன் நாற்பது பேரிடம், நாளைக்கு என் பெண்டாட்டியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லுவார். மறுநாளும் அதையே சொல்லுவார். அந்த நாளைக்கு வரவே வராது. வராதபடி அச்சில் போட்டு வைத்தவளும் மௌரீன்தான். நாற்பத்திரண்டு ஆகும்போது மேசை போனைப் பார்ப்பாள். அது சும்மா இருக்கும். சும்மா இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பேய் இல்லை என்று பதினாலு வருஷம் சொன்னவள், வியாழக்கிழமை நாற்பத்திரண்டுக்கு ரிசீவரைத் தானாகவே எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். டயல் டோன் கேட்டது.

வரியை அழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவள் யார்? ஏற்கெனவே ஒருமுறை முடிவு செய்து மூவாயிரத்தை அழித்தது போதாதா? கேட்க வேண்டிய ஒரு ஆள் அடுகோடியில் இருந்தாள். அவளிடம் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், குக்கர் வரைக்கும்.  ஆனாலும் மௌரீன் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினாள். கைப்பையில் அறுபது வரியும், அதற்கு அடியில் கேள்விக்குறியாகப் போன மூவாயிரமும் அச்செடுத்து வைத்திருந்தாள். ஆபீஸ் பேப்பர், எண்பது தாள். அதற்கும் சேர்த்து அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

உத்தமன் மனைவி எல்லம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியாக, நிமிர்ந்து நின்றாள்.

"யாரு, ஆபீஸ் அம்மாவா? பன்னி, உள்ள வாங்க" என்று கன்னடமும் தமிழுமாகக் கூப்பிட்டு, ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள். சுவரில் உத்தமன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் படம் வெயிலில் நீலம் பாய்ந்து போயிருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மௌரீன் காபியைக் குடித்தாள். பிறகு ஆரம்பித்தாள். "அக்கா, உத்தமன் உங்க பொண்ணைப் பத்திப் பேசுவாரா?"

எல்லம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பேசறதா? பதினோரு வருசம்மா. அவரு வாயில அந்தப் பேரு ஒரு தரம் வந்திருக்குமா? மூணாம் நாளு சட்டையை மாட்டிட்டு வேலைக்குப் போனாரு. நான் மாரடிச்சிட்டு அழறேன், அவரு டிபன் பாக்ஸைத் தேடறாரு. அன்னைக்கு முடிஞ்சுது. சோறு போட்டேன், துணி துவைச்சேன், பேச்சு மட்டும் இல்ல. அவருக்குப் புள்ள நெனப்பே இல்லன்னுதான் நெனச்சேன். இப்பவும் அதான் நெனக்கிறேன். எதுக்குக் கேக்கற?"

மௌரீன் தாள்களை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "தமிழ் படிப்பீங்களா அக்கா?"

"நாலாங்கிளாஸ். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

எல்லம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலை முதல் வரியில் வைத்தாள். சு என்றாள். சுப் என்றாள்.  அப்புறம் விரல் மட்டும் மெதுவாக நகர்ந்தது. கத்திரிக்காய் வரிக்கு வந்தபோது நிமிர்ந்தாள்.

"ஒதுக்கி வச்சாரா? உள்ள போய் தட்டைக் கழுவிட்டு வருவாரு. தின்னுட்டாருன்னு நெனச்சேன்."

மௌரீன் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை எழுத்து, தினமும் ஒன்பது நாற்பது, நாற்பது பேர். போய்ச் சேர்ந்துச்சா என்று அவர் கேட்டதையும், தான் சிடுசிடுத்ததையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த எல்லம்மாவின் முகம் சிவந்தது. சந்தோஷப்படுவாள் என்று மௌரீன் எதிர்பார்த்திருந்தால் அது அவள் தப்பு.

"நாப்பது பேருக்கு அனுப்பியிருக்காரு. யாரு எவருன்னே தெரியாத நாப்பது பேரு. பக்கத்துல படுத்திருந்தவ ஒருத்திக்கு அனுப்பத் தெரியல. அடப்பாவி மனுசா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சேந்து அழுதிருப்பேனே!" படத்தைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து வீட்டு வீணா எட்டிப் பார்த்தாள். "ஏனில்ல, ஒண்ணும் இல்ல, போம்மா" என்று எல்லம்மாவே அவளை அனுப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மிச்சம் எங்க? பதினோரு வருசம்னியே."

வந்துவிட்டது. மௌரீன் அடியில் இருந்த தாள்களை எடுத்தாள். "இதுதான் அக்கா. எழுத்து போயிடுச்சு. நான்தான் போக்கடிச்சேன். தெரியாமத்தான் பண்ணேன், ஆனா பண்ணது நான்தான். திரும்ப வராது. அதுக்கு எனக்குப் பரிசு வேற குடுத்தாங்க."

அடிப்பாள் என்றுகூட மௌரீன் நினைத்தாள். எல்லம்மா அடிக்கவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. வரிகள் சில நீளம், சில குட்டை. ஆனால் ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரே அளவில் ஒரு கூட்டம் இருந்தது.

"இந்த மொத வார்த்தை மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணு போல இருக்குதே?"

"ஆமா அக்கா. எட்டு கேள்விக்குறி, ஒரு கமா. அது பேருதான். கம்ப்யூட்டர் கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனியா எண்ணும், அதனால அந்தப் பேரு எட்டு துண்டாத்தான் உடையும். கமா மட்டும் போகாது, அது இங்கிலீஷ்லயும் இருக்கறதால தப்பிச்சுது. எல்லா நாளும் அதுலதான் ஆரம்பிச்சிருக்காரு. ஒரு நாள்கூட விடல."

எல்லம்மா விரலை முதல் பக்கத்தின் முதல் எட்டுக் கேள்விக்குறியில் வைத்தாள். "சுப்ரியா" என்றாள். விரலைக் கீழே இறக்கினாள். "சுப்ரியா." அடுத்தது, அதற்கு அடுத்தது என்று பக்கம் முழுவதும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கூப்பிட்டாள். பக்கத்தைத் திருப்பிக் கூப்பிட்டாள். மௌரீன் முழங்காலில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, காபி டம்ளரில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

"கடைசியா ஒண்ணு இருக்கு அக்கா" என்று மௌரீன் தனியாக மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். "இது மட்டும் இன்னும் தினமும் போயிட்டிருக்கு. நாளைக்கு இதை அழிக்கச் சொல்றாங்க. உங்களைக் கேக்காம அழிக்க மாட்டேன்."

எல்லம்மா எழுத்துக் கூட்டினாள். அம்மாவுக்கு இன்னும் கோவம் போகல. அங்கே நின்று மூச்சு வாங்கினாள். நாளைக்கு. அந்தச் சொல்லுக்கு வந்ததும் தாளை மடியில் போட்டுவிட்டாள்.

"அன்னைக்கும் இதேதாம்மா சொன்னாரு. புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் கெஞ்சறேன். கம்பெனில கரண்ட் இல்ல, மருந்தெல்லாம் வீணாயிடும், நாளைக்குக் காலைல போலாம்னு கெளம்பிட்டாரு. காலைல புள்ள இல்ல." அவள் குரல் உயரவில்லை. "நாளைக்கு நாளைக்குன்னே போயி சேந்துட்டாரு."

  வெளியே யாரோ கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லம்மா தாளைத் திரும்ப எடுத்தாள். "கோவம் போகலன்னு எழுதியிருக்காரு. சரியாத்தான் எழுதியிருக்காரு. இன்னும் போகல. நீ இதையெல்லாம் கொண்டாந்து காட்டிட்ட, அதனால போயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "ஆனா பேசறேன்னு சொல்லியிருக்காரு இல்ல? பேசட்டும். அந்த நாப்பது பேருக்கு எதுக்கு இது? அவங்களுக்கு அனுப்பாத. எனக்கு அனுப்பச் சொல்லு. என்கிட்ட சொல்லட்டும்."

"தினமுமா அக்கா?"

"தினமும்தான். பதினோரு வருசம் பாக்கி இருக்குதே."

வீணாவைக் கூப்பிட்டார்கள். அவள் எல்லம்மாவின் போனை வாங்கி ஐந்து நிமிஷத்தில் ஒரு மெயில் விலாசம் உண்டாக்கிக் கொடுத்தாள். மௌரீன் அதைத் தன் ஜெப மாலை உறையின் மேல் எழுதிக்கொண்டாள். கூடவே தன் மேசை போன் நம்பரையும் எல்லம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். கேள்விக்குறித் தாள்களைத் திருப்பி வாங்கக் கையை நீட்டியபோது எல்லம்மா கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே மௌரீன் ஆபீசில் இருந்தாள். கம்பெனி சட்டப்படி தப்பு, தெரிந்துதான் செய்தாள். நாற்பது பேருக்குப் போகும் மெயிலிலிருந்து அந்த வரியை எடுத்தாள். அந்த வரி மட்டும் தனியாக, ஒரே ஒரு விலாசத்துக்கு, அதே நேரத்தில் குளிர் அறையிலிருந்தே போகும்படி வைத்தாள். வெள்ளை நிறத்தை மாற்றிக் கறுப்பாக்கினாள். அனுப்புகிறவர் என்ற இடத்தில் நாலு மாசத்துக்கு முன் அழித்த பெயரைத் திரும்ப எழுதினாள். எழுத்து கெடாமல் போகிறதா என்று மூன்று தடவை தனக்கே அனுப்பிச் சரிபார்த்தாள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்காகக் காத்திருந்த அந்த நிரலையும் தேடி நிறுத்தினாள். பிறகு டிக்கெட்டை மூடினாள். க்ளென் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஒன்பது நாற்பதுக்கு இரண்டு மெயிலும் போயின. மௌரீன் எதையோ தேடுவது போல மேசை இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மேசை போன் அடித்தது.

ஜூன் பத்துக்குப் பிறகு அந்த நேரத்துக்கு அது அடித்ததே இல்லை.  இரண்டு தடவை மணி அடித்ததும் ரிசீவரை எடுத்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"ம்மா, நான்தான். எல்லம்மா." ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. "வந்து சேர்ந்துச்சும்மா."

 மௌரீன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கேக்குதா? வந்து சேர்ந்துச்சுன்னு சொன்னேன். நாளைக்கும் வருமா?"

"வரும் அக்கா" என்றாள் மௌரீன்.